கிண்ணத்தின் அடியில் யார் பெயர்?

செராமிக் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டில் காபி கொடுத்தாலும், குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்ப்போம். மண் என்ன நிறம், அடி வளையத்தை எப்படிச் சீவியிருக்கிறார்கள், யாருடைய முத்திரை. இன்று அந்த முத்திரையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்த ஊரில் ஸ்டோன்வேர் (அதிக வெப்பத்தில் கல் போல இறுகச் சுடும் மண்பாண்டம்) வேர்விட்ட கதை பலருக்கும் தெரியும். 1971இல் அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே கற்றவர்கள் இன்று நாடு முழுக்கப் பட்டறை வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்து கை பழகிய உள்ளூர்க்காரர்களும் நிறையப் பேர். 2018இல் ஜெய்ப்பூரில் இந்தியாவின் முதல் செராமிக் டிரியன்னாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடந்தது. மண்ணைக் கலை என்று ஏற்க வைக்க இவ்வளவு காலம் பிடித்தது என்பதை மறக்கக் கூடாது.

எங்கள் வட்டத்தில் கஞ்சத்தனம் கிடையாது. கிளேஸ் (பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) கணக்கைக் கேட்டால் ஃபெல்ட்ஸ்பார் எத்தனை, சுண்ணாம்பு எத்தனை, சாம்பல் எந்த மரத்தது என்று அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். விறகுச் சூளை எரிக்கும்போது ராத்திரி முறை வைத்து ஆள் வருவார்கள். விடிகாலை மூன்று மணிக்குப் பார்வைத் துளை வழியாக ‘கோன்’ (குறித்த வெப்பம் வந்ததும் சாயும் மண் கூம்பு) சாய்ந்துவிட்டதா என்று நாலு தலை முட்டிக்கொண்டு பார்க்கும். 1,280 டிகிரி தாண்டிய வெள்ளை வெளிச்சத்தில் அந்தச் சின்னக் கூம்பு தலை கவிழ்வதைப் பார்க்க அத்தனை சந்தோஷம். தனி ஆளாக யாரும் விறகுச் சூளை எரித்துவிட முடியாது.

இத்தனையையும் பகிர்ந்துகொள்கிறோம். பெயரை மட்டும் பகிர்ந்துகொள்வதில்லை.

என் பட்டறையில் பெரிய ஜாடிகளையும் செட் செட்டாகப் போகும் கிண்ணங்களையும் வனைவது நான் இல்லை. ஓர் அண்ணன் வனைகிறார். பரம்பரையாகச் சக்கரம் சுற்றிய குடும்பம். ஏரி மண்ணில் வளர்ந்த கை அவருடையது. அவர் ஊரில் பானையை அடியில்லாமல்தான் சக்கரத்திலிருந்து அறுத்து எடுப்பார்கள். பாதி காய்ந்ததும் மடியில் வைத்து, உள்ளே ஒரு வழவழப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டியே அடியை மூடுவார்கள். டப் டப் என்று சத்தம் மாறிக்கொண்டே வரும். எந்த இடத்தில் தடிப்பு, எங்கே மெலிந்துவிட்டது என்பதைக் காதால் கண்டுபிடிப்பார். நான் பல வருடம் முயன்றும் எனக்கு அந்தக் காது வரவில்லை. ஸ்டோன்வேர் மண்ணுக்கு அவர் பழக ஒரு வாரம்கூட ஆகவில்லை. காய்ந்து சுடும்போது இது எட்டில் ஒரு பங்கு சுருங்கும் என்றேன். அடுத்த நாளே விரல் அளவை மாற்றிக்கொண்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு கேலரியில் என் வேலைகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். நாற்பது கிண்ணம், ஆறு ஜாடி. வடிவம் நான் வரைந்தது, கிளேஸ் என்னுடையது, சூளையும் என்னுடையது. வனைந்தது முழுக்க அண்ணன். அவர் பெயரையும் அட்டையில் போடச் சொன்னேன். இரண்டு பெயர் இருந்தால் வாங்குகிறவர்கள் குழம்புவார்கள் என்றார்கள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

திறப்பு நாளில் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். பத்தாவது படிக்கும் அவர் மகள் ஒவ்வோர் அட்டையையும் நின்று படித்தாள். முதல் வரிசை முடிந்ததும் திரும்பப் போய் மறுபடி படித்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு எனக்கு அந்த அட்டைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எதிர்வாதம் எல்லாம் எனக்குத் தெரியும். கூலி கொடுத்தாயிற்றே என்பார்கள். சினிமாவில் ஒளிப்பதிவாளருக்கும் சம்பளம் உண்டு, பெயரும் உண்டு. சண்டைப் பயிற்சி, ஒப்பனை, உதவி இயக்குநர் வரைக்கும் திரையில் ஓடுகிறது. அதனால் இயக்குநருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பெயர் போடாததுதான் குயவர் மரபு, ஜப்பானின் புகழ்பெற்ற குயவர் ஹமாடா ஷோஜியே பானையில் கையெழுத்துப் போடவில்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர் பானையை வைத்துக் கொடுக்கும் மரப்பெட்டியில் அவர் கையெழுத்து இருந்தது. பெயரை உலகமே அறிந்த ஒருவர் அதைப் போடாமல் விடுவது வேறு, இன்னொருவர் பெயரை நாம் போடாமல் விடுவது வேறு.

அரசாங்கம்கூட நம்மைவிட முன்னால் போய்விட்டது. வில்லியனூரின் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மானாமதுரையில் கடம் செய்யும் மீனாட்சி அம்மாவுக்கு சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. வாசிக்கிறவருக்கு மட்டுமில்லை, கடத்தைச் செய்தவருக்கும் பெயர் உண்டு என்று டெல்லியில் ஒத்துக்கொண்ட பிறகும், வில்லியனூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் நாம் நம் பட்டறையில் வனைகிறவர்களை ‘த்ரோயர்’ (சக்கரத்தில் வனைபவர்), ‘ஹெல்ப்பர்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் செய்தால் கைவினை, அதையே நாம் கிளேஸ் பூசிச் சுட்டால் கலை. இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை.

எல்லாரும் எல்லாப் பெயரையும் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் பேசவில்லை. மண் பிசைந்து கொடுத்தவர், விறகு பிளந்தவர் என்று எங்கே கோடு போடுவது என்பதில் எனக்கே தெளிவில்லை. ஆனால் சக்கரத்தில் அந்தச் சுவரை எழுப்பிய கை யாருடையது என்பதில் சந்தேகமே கிடையாது. குறைந்தது அதிலிருந்தாவது தொடங்கலாம். கேலரி நடத்துகிறவர்களும் கேளுங்கள். “இதை வனைந்தது யார்?” என்று கலைஞரிடம் ஒரு வார்த்தை.

போன மாதம் அண்ணனுக்கு ஒரு முத்திரை செய்யலாம் என்று உட்கார்ந்தோம். மண்ணில் எழுத்தைத் திருப்பி வெட்டிச் சுட்டு எடுக்க வேண்டும். முதலில் வேண்டாம் என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் என் முத்திரையையே கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “இனிஷியலும் சேர்த்துப் போடும்மா. அப்பா கத்துக்குடுத்ததுதானே” என்றார்.

இனிஷியலோடு வெட்டினால் சின்னக் கிண்ணங்களின் அடி வளையத்துக்குள் அடங்கவில்லை. அதனால் இந்தச் சூளையிலிருந்து கிண்ணத்துக்கு அடியைக் கொஞ்சம் அகலமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.