எங்கள் கிளப்பின் வரலாற்றை அந்தக் கணக்கு நோட்டிலிருந்து எழுதுங்கள்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். மனம் வருந்தியவர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் சொன்ன விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதனால் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஏற்காட்டுக் கால்பந்து கிளப்புக்குச் சிறப்பு மலர் ஒன்று அச்சுப் போடுவதாக முடிவாகியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் முன்பக்கங்கள் முழுக்கப் பரிசளிப்பு விழாக்களுக்கு வந்த சிறப்பு விருந்தினர்களின் படங்கள், அப்புறம் கோப்பைகள், அப்புறம் விளம்பரங்கள். வரலாற்றுக்கு இரண்டே பக்கம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. கோப்பை ஜெயித்த நாளைத்தான் சொல்லும். நாங்கள் தோற்ற நாட்கள்தான் அதிகம், ஆட்டமே இல்லாத மாதங்களும் உண்டு. அந்த நாட்களில் கிளப்பைக் கலையாமல் பிடித்து வைத்திருந்தவர்களைப் பற்றி எந்தக் கோப்பையிலும் எழுதியிருக்காது. அது ரைட்டர் சித்தப்பாவின் கணக்கு நோட்டில் இருக்கிறது.

புதிய பையன்களுக்கு அவரைத் தெரியாது. எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுகிறவராக இருந்தவர். எனக்கு ரத்த சொந்தம் இல்லை, ஆனால் மைதானத்துக்கு வந்த எல்லாருக்குமே அவர் சித்தப்பாதான். எழுபதுகளில் தொடங்கி கிளப்பின் வரவு செலவை அவர்தான் எழுதினார். போன மாதம் வீட்டில் பழைய காகிதத்தை எடைக்குப் போடும்போது சித்தி என்னைக் கூப்பிட்டு, "இது உங்க பந்தாட்டக் கணக்கு கண்ணு, எடுத்துக்கிட்டுப் போ" என்று கையில் கொடுத்தார். ஒரு நாள் தாமதித்திருந்தால் போயிருக்கும்.

நீளவாக்கு நோட்டு. ஓரம் செல்லரித்து, மலை ஈரத்தில் மை ஊறிப் பரவியிருக்கிறது. பிரித்த பக்கத்தில் இப்படி இருந்தது: பிளாடர் ஒட்ட. லேஸ். ஊசி, நூல். விளக்கெண்ணெய்.

விளக்கெண்ணெய் எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அப்பாதான் விளக்கினார். அப்போது தோல் பந்து. உள்ளே ரப்பர் பிளாடர், வாயை லேஸ் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். மழையில் தோல் தண்ணீரைக் குடித்துப் பந்து கல்லாகிவிடும். தலையால் முட்டும்போது லேஸ் இருக்கும் பக்கம் பட்டால் நெற்றியில் தடம் பதியும். ஆட்டம் முடிந்ததும் பந்தைத் துடைத்துக் காயவைத்து விளக்கெண்ணெய் தடவாவிட்டால் தோல் விறைத்து வெடித்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி நோட்டைப் படித்தேன். விளக்கெண்ணெய் அடிக்கடி வரும் பக்கங்களெல்லாம் மழை மாதங்கள். அந்த மழையிலும் நம் ஆட்கள் ஆடியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

சந்தாக் கணக்கும் அப்படித்தான். காபிப் பழம் பறிக்கும் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் எல்லார் பெயருக்கு நேரேயும் காசு. மற்ற மாதங்களில் 'பாக்கி', 'பாக்கி' என்று வரிசையாக. பாக்கி வைத்தவர் யாரையும் டீமை விட்டு எடுக்கவில்லை. ஆட்டக்காரர் பட்டியலில் அதே பெயர்கள் அடுத்த வாரமும் இருக்கின்றன. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காபி கொண்டுவந்தார் என்று சுற்றுலா வருகிறவர்கள்கூடச் சொல்வார்கள். அந்தக் காபியைப் பறித்தவர்களின் பெயர்களை எங்கே தேடுவது? எனக்குத் தெரிந்து இந்த நோட்டில் கொஞ்சம் பெயர்கள் இருக்கின்றன.

வெளியூர் ஆட்டம் என்றால் லாரி வாடகை. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் குமட்டும். 1,500 மீட்டர் உயரத்துக் குளிரிலிருந்து நேராகச் சேலம் வெயிலில் போய் நின்று ஆட வேண்டும். மூச்சு வாங்காது, ஆனால் வெயில் ஆளைச் சாய்த்துவிடும். எலுமிச்சம்பழச் செலவு தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ராசிபுரம், திருச்செங்கோடு என்று எதிர் டீம்களின் ஊர்களும் இருக்கின்றன. 1997-ல் நாமக்கல் பிரியும்வரை எல்லாம் ஒரே சேலம் மாவட்டம்தானே. மாவட்டம் எவ்வளவு பெரியதாக இருந்தது என்பதை நான் லாரி வாடகையிலிருந்துதான் உணர்ந்தேன்.

ஓரிடத்தில் 'பூட்ஸ் 5 ஜோடி' என்று இருக்கிறது. ஆடுவது பதினோரு பேர். மற்ற ஆறு பேர் கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு வெறுங்காலில் இறங்கியிருக்கிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் இந்திய அணியிலேயே பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் பிரான்சை எதிர்த்து ஆடினார்கள். 2-1 என்று தோற்றாலும் அந்த ஒரு கோல்தான் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல். அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக அடித்தது இன்றுவரை கடைசி கோல். அடித்தவர் சைமன் சுந்தரராஜ் என்பார்கள். ராமன், சுந்தரராஜ். இந்த இரண்டு பெயரையும் நம் மைதானத்தில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? ஒலிம்பிக்கில் கோல் அடித்தவர்களையே மறக்கிறோம் என்றால், காபித் தோட்டத்து ஆட்டக்காரனை எழுதி வைக்காவிட்டால் யார் நினைப்பார்கள்?

ஒரு வருடம் எங்களுக்கு மைதானம் மறுக்கப்பட்டது. காரணம் சொல்லவே இல்லை. நோட்டில் அந்த மாதங்களுக்கு 'மைதானம் இல்லை' என்று மட்டும் எழுதி, கீழே 'பந்துக்கு எண்ணெய்' என்று ஒரு வரி. ஆட இடமில்லாத மாதத்திலும் அந்த மனுஷன் பந்துக்கு எண்ணெய் போட்டிருக்கிறார். மலரின் முதல் பக்கத்தில் எந்தப் படம் வரவேண்டும் என்று கேட்டால் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

நோட்டிலும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. ஜெர்சி என்று நாங்கள் சொன்னது, பழைய பனியன்களை வாங்கி வீட்டுப் பெண்கள் பெரிய அண்டாவில் சாயம் போட்டுத் தந்தது. முதுகு நம்பரை என் அம்மா துணியில் வெட்டித் தைத்தார். நோட்டில் இருப்பது 'சாயப்பொடி' மட்டும். இன்று மாலை நேரத்தில் மைதானத்தில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். தேசிய சீனியர் பெண்கள் கால்பந்தில் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் பட்டம் வாங்கியது அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் கையில் கொடுக்கும் மலரில் சாயம் போட்ட பாட்டிமார்களின் பெயர்கள் இருந்தே ஆகவேண்டும். நான்கைந்து பேர் இன்னும் இருக்கிறார்கள். இந்த மாதமே வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

விருந்தினர் படம் முன்னால் வராவிட்டால் நன்கொடை குறையும் என்று அண்ணன் ஒருவர் சொன்னார். அவர் கவலை நியாயமானது, அச்சுக்கூலி சும்மா வராது. படங்கள் வரட்டும், பின்பக்கங்களில் வரட்டும். குறையும் தொகையில் என் பங்கை நான் தருகிறேன். நோட்டின் பக்கங்களை அப்படியே படமெடுத்துப் போடுவோம், பாக்கியோடு, அடித்தல் திருத்தலோடு.

ஒரு உதவி வேண்டும். நம் மைதானத்தின் கீழ்ப்பக்க கோலுக்குப் பின்னால் காபிச் சரிவு இருக்கிறதல்லவா, பந்து அங்கே உருண்டால் கிணறு வரை போய்விடும். மூடுபனி இறங்கிவிட்டால் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பையனைக் கிணற்றருகே நிற்க வைத்திருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் 'கிணத்தடி பையன், டீ 1' என்று வருகிறது, ஆறேழு வருடத்துக்கு. பெயர் எங்கேயும் இல்லை. அப்பாவுக்கும் நினைவில்லை, சித்திக்கும் தெரியவில்லை. அவருக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் இருக்கும். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், மலர் அச்சுக்குப் போவதற்கு முன்னால்.