மூணு கால்ல நடக்குற நாயப் பாத்து பாவம்னு சொல்றவங்களுக்கு

இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன். எங்க ஜூலிய சாயங்காலம் வாக்கிங் கூட்டிட்டு போறப்ப காவேரிப்பட்டணம் ரோட்டுல யாராவது ஒருத்தர் வண்டிய ஸ்லோ பண்ணி கேட்டுடறாங்க, ஐயோ கால் எங்கங்க, ஆக்சிடென்டான்னு. இல்லீங்க, எலும்புல கேன்சர், ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டோம்னு சொன்னா அடுத்த பேச்சு இதான்: "வாயில்லா ஜீவன போயி கால வெட்டி வெச்சிகிட்டு ஏன் இப்பிடி சித்ரவத பண்றீங்க, ஒரு ஊசிய போட்டு அனுப்பி இருக்கலாமே."

அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லல, அது எனக்கு தெரியும். ஆனா சித்ரவதன்னு சொல்றீங்களே, அது அந்தக் கால் இருந்தப்பதாங்க நடந்துச்சி. எடுத்தப்புறம் இல்ல.

ஜூலி ராட்வீலர். எட்டு வயசு. எங்க மாந்தோப்புல அப்பா எங்க போனாலும் பின்னாலயே போற புள்ள. போன கார்த்திகைல எடது முன்னங்கால லேசா தாங்கி தாங்கி நடந்தா, முள்ளு குத்தி இருக்கும்னு பாதத்த பிரிச்சி பிரிச்சி பாத்தோம், ஒண்ணும் இல்ல. டாக்டர் வலிக்கு மருந்து குடுத்தாரு, சரியாச்சி, மருந்து நிறுத்துனதும் திரும்ப வந்துடுச்சி. அப்புறம் மணிக்கட்டுக்கு மேல ஒரு வீக்கம், தொட்டா சூடு, அழுத்துனா கைய விலக்கிடுவா. கடிக்க மாட்டா, மூஞ்ச திருப்பிக்குவா. எக்ஸ்ரே எடுத்து லைட் மேல வெச்சி டாக்டர் காட்டுனாரு, எலும்பு ஓரமெல்லாம் கரையான் அரிச்ச கதவு மாதிரி இருந்துச்சி. ஊசி குத்தி செல் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. ஆஸ்டியோசர்கோமா.

நாய்ங்களுக்கு எலும்புல உண்டாகுற கேன்சர்ல முக்கால்வாசிக்கு மேல இதுதானாம். ராட்வீலர், கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், லேப்ரடார்னு ஒடம்பு பெருசா இருக்குற ஜாதிக்குதான் ஜாஸ்தி, ஏழு எட்டு வயசுக்கு மேல வர்றது வழக்கம், சிலதுக்கு ரெண்டு வயசுக்குள்ளயே வந்துடும். முன்னங்கால்ல வந்தா முழங்கைய விட்டு தள்ளி, அதாவது தோள்பட்ட பக்கம் இல்லன்னா மணிக்கட்டு பக்கம். பின்னங்கால்ல வந்தா முழங்கால ஒட்டி. டாக்டருங்க இத மனசுல வெச்சிதான் கால அமுக்கி பாக்குறாங்க. நம்ம வீட்டு பசங்களுக்கு, அதுவும் வளர்ற வயசுல, முழங்கால் பக்கம் வருதே ஒரு எலும்பு கேன்சர், அதே நோய்தான் இது. அந்த வலி என்னன்னு கேன்சர் வார்டுல புள்ளைங்கள வெச்சி பாத்தவங்களுக்கு தெரியும்.

வலியப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். உள்ள எலும்பு கரைஞ்சிகிட்டே இருக்கு, கட்டி வளந்துகிட்டே இருக்கு, எலும்ப சுத்தி இருக்குற தோல் இழுபடுது. ஒரு நாள் சாதாரணமா திண்ணையில இருந்து எறங்குறப்ப கூட அந்த எலும்பு ஒடைஞ்சிடலாம், ஒடைஞ்சா அது சேராது. நாயி வலின்னா கத்தும்னு நெனைக்கிறோம். ஜூலி கத்தவே இல்ல. ராத்திரில மூச்சு வாங்கும், படுப்பா, எழுந்திரிப்பா, எடம் மாத்தி படுப்பா, காலைல கேட் சத்தம் கேட்டா ஓடி வர்றவ ஒக்காந்த எடத்துல இருந்து பாப்பா. அப்பாவுக்கு அது போதுமா இருந்துச்சி. மொதல்ல "வெட்டறதெல்லாம் வேணாம் கண்ணு, இருக்குற வரைக்கும் முழுசா இருக்கட்டும்"னு சொன்ன மனுஷன், ஒரு ராத்திரி அவகூட திண்ணையில ஒக்காந்து இருந்துட்டு காலைல வந்து "எடுத்துடலாம்"னு சொன்னாரு.

டாக்டர் எங்ககிட்ட எதையும் மறைக்கல, அதுக்கு அவருக்கு கும்புடு போடணும். இந்த நோய கண்டுபிடிக்கிறப்பவே பத்துல ஒம்பது நாய்ங்களுக்கு கண்ணுக்கு தெரியாத அளவுல நுரையீரலுக்கு போயி இருக்கும், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமா இருந்தாலும் அத நம்பிட முடியாதுன்னாரு. கால மட்டும் எடுத்தா பாதி நாய்ங்க 4, 5 மாசத்துக்குள்ள போயிடும், மீதி அதுக்கு மேல இருக்கும். கூட கீமோவும் குடுத்தா அந்த கணக்கு 10 மாசம், ஒரு வருஷம்னு தள்ளிப்போகும், அஞ்சுல ஒரு நாயி ரெண்டு வருஷத்த தாண்டலாம். கால எடுக்க முடியலன்னா வலிக்கு மட்டும் வைத்தியம் பாக்குற வழியும் இருக்கு, மெலாக்சிகாம், காபாபென்டின் மாதிரி மருந்து, எலும்பு கரையறத கொறைக்க ஒரு ஊசி, வசதி இருக்குற ஊர்ல ரேடியேஷன். அதுவும் மரியாதையான வழிதான். ஆனா அதுல கால் ஒடைஞ்சிடுமோங்குற பயம் கூடவே இருக்கும்.

இங்கதான் நான் சொல்ல வர்ற விஷயம். நம்ம ஆளுங்க கால எடுக்கறத ஆயுசுக்காக பண்றதா நெனச்சிகிட்டு "எப்பிடியும் சாவப்போறதுக்கு எதுக்கு"ன்னு கேக்குறாங்க. ஆயுசுக்கு இல்லீங்க, வலிக்கு. வலி இருக்குற எடத்தயே எடுத்துடறோம், அவ்ளோதான். அதுக்கப்புறம் இருக்குற நாள் நாலு மாசமோ ரெண்டு வருஷமோ, அது வலி இல்லாத நாள். சராசரி எத்தன மாசம்னு கணக்கு போட்டு போட்டு அழுதது நாங்கதான், ஜூலிக்கு மாசமும் தெரியாது சராசரியும் தெரியாது, கால் வலிக்குதா இல்லையாங்கறது மட்டுந்தான் தெரியும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி எங்க நாயி அதுக்கு தாங்குமான்னு பாத்தாங்க, எல்லாருக்கும் இது சரிப்படாது. நாயோட எடையில பாதிக்கு மேல, ஒரு அறுபது பர்சென்ட் முன்னங்கால்லதான் நிக்குது, அதனால மிச்சம் இருக்குற கால், இடுப்பு, முழங்கால் எல்லாத்தையும் மடக்கி நீட்டி பாத்தாரு, நடக்க வெச்சி பாத்தாரு, ரத்த டெஸ்ட்டு, இதயம் எல்லாம். பாதி கால விட்டுட்டு கட்டை கால் மாட்ட முடியாதான்னு எங்க அண்ணன் கேட்டான். பாதி விட்டா அந்த குட்டக்கால ஊணப்பாத்து தேய்ஞ்சி புண்ணாகும்னு சொல்லி, தோள்பட்ட எலும்போட சேத்து சுத்தமா எடுத்தாங்க. தை மாசம் நடந்துச்சி, பெங்களூருல.

மொத ரெண்டு வாரம் கொடுமங்க. இத யாரும் சொல்றதில்ல, அதனால நான் சொல்றேன். வீட்டுக்கு கூட்டிட்டு வந்தப்ப ஒரு பக்கம் முழுக்க செரச்சி, தோள் இருந்த எடத்துல நீளமா தையல், சுத்தி நீலம் பாரிச்சி, மயக்க மருந்து வேகத்துல ராத்திரியெல்லாம் ஊளை. எங்க ஆயா பாத்துட்டு சாப்புடாம படுத்துடுச்சி. எல்லாருமே மனசுக்குள்ள தப்பு பண்ணிட்டமோன்னு நெனச்சிகிட்டு வெளிய சொல்லாம இருந்தோம். ஆஸ்பத்திரில முன்னாடியே சொல்லி அனுப்பிச்சாங்க, இந்த ரெண்டு வாரத்த வெச்சி எதையும் முடிவு பண்ணாதீங்க, இந்த அழுக மருந்தாலயும் பழக்கம் இல்லாததாலயும்தான்னு. அந்த வார்த்தைய புடிச்சிகிட்டுதான் ஓட்டுனோம்.

அவ எழுந்து நின்னத சொல்றேன். ஹால்ல டைல்ஸ், ஊணுன ஒத்த கால் வழுக்கி வழுக்கி தாடை தரையில இடிச்சிச்சி. அண்ணன் மாட்டு கொட்டாயில போடறதுக்கு வாங்கி வெச்சிருந்த ரப்பர் மேட்ட எடுத்துட்டு வந்து ஹால்ல இருந்து வாசப்படி வரைக்கும் வரிசையா விரிச்சான். நெஞ்சுக்கு அடியில துண்ட குடுத்து அப்பா தூக்கி புடிச்சாரு. அவ துண்ட மதிக்கவே இல்ல. மிச்சம் இருக்குற கால நடு நெஞ்சுக்கு நேரா நகத்தி வெச்சா, யாரும் சொல்லி குடுக்கல, தலைய கொஞ்சம் தூக்கி, பின்னங்கால் ரெண்டையும் அகட்டி, ஒரு குதி. நின்னா. இன்னொரு குதி. வாசல்ல போயி ஒன்னுக்கு இருக்க ஒக்காந்தப்ப சாஞ்சி விழுந்தா, எழுந்து திரும்ப ஒக்காந்தா. நொண்டுறோம்னு ஒரு வெக்கமோ வருத்தமோ அவ மூஞ்சில இல்ல. வருத்தமெல்லாம் நாம கொண்டு போயி அது மேல வெக்கிறது.

தையல் பிரிச்சி கீமோ ஆரம்பிச்சாங்க. கார்போபிளாட்டின்னு மருந்து, மூணு வாரத்துக்கு ஒருக்கா, பொதுவா 4ல இருந்து 6 தடவ குடுப்பாங்களாம். நரம்புல ஏத்துறது அர மணி நேரம் கூட இல்ல, அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். கீமோன்னதும் மொட்ட தலையும் எலும்பும் தோலுமா ஒரு உருவந்தான் நமக்கு ஞாபகம் வருது. நாய்க்கு குடுக்குறது அந்த அளவுல இல்ல, நோய முழுசா ஒழிக்கிறது குறிக்கோள் இல்லாததால தாங்குற அளவுதான் குடுக்குறாங்க, இவளுக்கு முடி கொட்டல. ரெண்டு நாள் சாப்பாட்டுல மனசு இருக்காது, வாந்தி நிக்க மாத்திர உண்டு. ஆயா ராகி களிய தயிருல கரைச்சி கைல வெச்சி ஊட்டும், டாக்டர் குடுத்த ஸ்பெஷல் சாப்பாட்ட திரும்பி கூட பாக்காதவ அத நக்கி நக்கி சாப்பிடுவா. பத்து நாள், ரெண்டு வாரத்துல ரத்தத்துல நோய எதிர்க்குற வெள்ளணு எறங்கும், அப்ப ரத்தம் டெஸ்ட் பண்ணனும், காய்ச்சல் வந்தா ஒடனே ஓடணும். இன்னொண்ணு, மருந்து ஏத்துன மூணு நாளைக்கு அதோட மூத்திரம், வாந்தியெல்லாம் கிளவுஸ் போட்டுதான் கழுவணும், மாசமா இருக்குறவங்களும் சின்ன புள்ளைங்களும் கிட்ட போவக்கூடாது. எங்க அண்ணி அப்ப மாசமா இருந்தாங்க, ஒவ்வொரு தடவையும் பர்கூர்ல அம்மா வீட்டுக்கு போயிட்டு வந்தாங்க. ஒரு வார்த்த மொகம் சுளிக்கல. இத பத்தி யாரும் அண்ணிய பாராட்டல, அதனால இங்க எழுதறேன்.

காசு. ஆமா, நெறையா ஆச்சி. மாங்கா குத்தகை பணத்துல ஒரு பெரிய பங்கு. "நாயிக்கு போயி இவ்ளோவா"ன்னு சொந்தக்காரங்க கேட்டாங்க, அவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயில்ல பூசணிக்கா வெளக்கு ஏத்த வரிசையில நிக்கிறோமே, சாமி பக்கத்துல நிக்கிறது யாரு? செங்கம் பக்கம் எடுத்தனூர்ல பல்லவர் காலத்து நடுகல்லு ஒண்ணு இருக்கு, திருடனுங்கள கடிச்சி காவல் காத்த நாய்க்கும் சேத்து அந்தக் காலத்துலயே கல்லு நட்டு, அது பேரையும் வெட்டி வெச்சிருக்காங்க. இந்த மண்ணுல நாய்க்கு செய்யறது புதுசு இல்ல.

அதே சமயம், காசு இல்லாம செய்ய முடியாதவங்கள யாரும் ஒரு சொல்லு சொல்லிடக்கூடாது. என் கூட வேல பாக்குற அக்கா வீட்டுல கிரேட் டேனுக்கு இதே நோய், அதுக்கு ஏற்கனவே இடுப்பு போச்சி, மூணு கால்ல நிக்காது. அவங்க மடியில தலைய வெச்சிகிட்டு ஊசி போட்டு அனுப்பினாங்க. நான் கால எடுத்ததும் அவங்க அனுப்பினதும் ஒரே காரணத்துக்காகத்தான். எனக்கு கோவம் வர்றது ரெண்டும் செய்யாம, "தானா போவட்டும்"னு கட்டி போட்டுட்டு ஒடைஞ்ச காலோட மாசக்கணக்குல வெக்கிறவங்க மேலதான். அதுக்கு பேருதான் சித்ரவத.

இன்னொரு கோவம். ஓசூர்ல 1824லயே கால்நடை பண்ணை வந்துச்சி. சென்னை வேப்பேரில 1903லயே கால்நடை கல்லூரி, நாமக்கல்ல 1985ல. இவ்ளோ பழக்கம் இருக்குற பூமிங்க நம்மளது. இருந்தும் ஒரு கீமோ ஊசிக்கு நாங்க ஒவ்வொரு தடவையும் மூணு கால் ஜீவன பின் சீட்டுல படுக்க வெச்சிகிட்டு, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளின்னு பெங்களூரு டிராஃபிக்ல நிக்க வேண்டி இருந்துச்சி. எங்க வீட்டுல கார் இருக்கு. பென்னாகரம் பக்கமோ அரூர் பக்கமோ பஸ்ஸ நம்பி இருக்குறவங்க என்ன பண்ணுவாங்க? கிருஷ்ணகிரிக்கோ தர்மபுரிக்கோ மாசத்துல ரெண்டு நாள் கால்நடைங்களுக்கு கேன்சர் பாக்குற டாக்டர் ஒருத்தர் வந்துட்டு போற ஏற்பாடு கேக்கறது பேராசை இல்ல. இத மனுவா எழுதி கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழம குறைதீர் நாள்ல குடுக்கப்போறேன், கூட கையெழுத்து போடறவங்க சொல்லுங்க.

தயவு செஞ்சி இத மட்டும் பண்ணாதீங்க: நாயி நொண்டுதுன்னு மெடிக்கல்ல போயி நாம சாப்பிடற வலி மாத்திரைய வாங்கி குடுக்காதீங்க. புரூஃபென், டைக்லோஃபெனாக் எல்லாம் நாய்க்கு வயிறு புண்ணாகி ரத்தமா போவும், கிட்னி போயிடும். பாராசிட்டமாலும் நாமளா குடுக்கக் கூடாது. பெரிய ஜாதி நாயி, வயசு ஆறேழு தாண்டிடுச்சி, மருந்துக்கு நல்லாகி திரும்ப நொண்டுதுன்னா எக்ஸ்ரே எடுங்கன்னு நீங்களே கேளுங்க.

ஜூலிக்கு கீமோ வைகாசியில முடிஞ்சிது. இப்ப ஆடி. எடை ஏற விடாம பாத்துக்குறோம், மிச்சம் இருக்குற காலுக்கு அதான் முக்கியம். இந்த சீசன்ல தோத்தாபுரி மாங்கா கீழ விழுந்த சத்தம் கேட்டா ஆளுங்களுக்கு முன்னாடி குதிச்சிகிட்டு போயி கவ்விகிட்டா, அப்பா கொட்டைய வாங்கி தூர போடறதுக்கு பின்னாடியே ஓடுனாரு (கொட்டைய முழுங்குனா கொடல் அடைச்சிக்கும், நாய் வெச்சிருக்குறவங்க கவனம்). அடுத்த வாரம் நெஞ்சு எக்ஸ்ரே இருக்கு. அதுல என்ன வரும்னு தெரியாது. வந்தா என்ன பண்றதுன்னு வீட்டுல பேசிட்டோம், மூச்சு வாங்க கஷ்டப்படற நெலம வந்தா அதுக்கு மேல இழுக்க மாட்டோம், அப்பாவும் சரின்னுட்டாரு.

உங்க வீட்டுல யாருக்காவது இந்த நெலம வந்து முடிவு எடுக்க முடியாம தவிச்சிகிட்டு இருந்தா இன்பாக்ஸ் வாங்க. மருந்து சொல்ல நான் டாக்டர் இல்ல, ஆனா டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு சொல்ல முடியும். ரப்பர் மேட் வேணும்னாலும் சொல்லுங்க, கொட்டாய்க்கு வாங்குனதுல இன்னும் நாலஞ்சி பிரிக்காம இருக்கு, காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டுல கொண்டு வந்து குடுக்குறேன்.