சென்சரை எங்கே வைத்தார்கள் என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்

நேற்று விடிகாலை 4.50க்கு எதிர்வீட்டுக் காடியின் (காரின்) திருட்டு அலாரம் மறுபடியும் அலறியது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு விளக்குகூட எரியவில்லை. நானும் தலையணையைக் காதில் வைத்து அமுக்கிக்கொண்டு திரும்பிப் படுத்தேன். திருடனே வந்திருந்தாலும் ஆற அமர ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம்.

எதிர்வீட்டுக்காரரைத் திட்ட எனக்கு வாயில்லை. போன வருடம் வரை என் பழைய மைவி காடிதான் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். சுற்றிலும் செம்பனைத் தோட்டம். குலை ஏற்றிய லாரி கனத்தில் கொஞ்சம் அடங்கித்தான் போகும். இருட்டோடு கிளம்பும் வெற்று லாரி இருக்கிறதே, பள்ளத்தில் விழுந்து எழும்போது தெருவே நடுங்கும். உடனே என் காடி கத்தும். தீபாவளிப் பட்டாசுக்குக் கத்தும். இடிக்குக் கத்தும். திருவிழாவில் உருமி மேளம் வீட்டைத் தாண்டும்வரை கூடவே பாடும்.

அலாரம் மாட்டிய கடைக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும், அதிர்வை உணரும் சென்சரின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, "இனிமே கத்தாது" என்றார்கள். என் வாதம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. திருகாணியில் கை வைக்கும் முன்னால், சென்சர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

கடைசியில் எங்கள் வயர்மேன் அண்ணனிடம் காடியைக் கொண்டுபோனேன். தோட்டத்தில் டிராக்டர் பார்த்துத் தொழில் பழகியவர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சென்சர் அந்த மூடியிலேயே டபுள் டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. வெயிலில் நிற்கும் காடிக்குள் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும், டேப் என்ன செய்யும்? பசை இளகி, சென்சர் பெட்டி வயரைப் பிடித்துக்கொண்டு வௌவால் மாதிரி தொங்கியது.

"தம்பி, நாடி பாக்குறவன் சட்டைக் கையவா புடிச்சுப் பாப்பான்? எலும்பு ஓரமா அமுக்கித்தான பாப்பான்" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். அதிர்வு சென்சருக்குள் பியசோ என்ற சின்னத் தகடு இருக்கிறது. குலுங்கினால் அதில் மின்சாரம் பிறக்கும். லேசாகத் தட்டினால் குறைவாக, ஓங்கி அடித்தால் அதிகமாக. அதை வைத்துத்தான் 'கீச்' என்று எச்சரிப்பதா, முழுசாக அலறுவதா என்று அலாரம் முடிவு செய்கிறது. ஆனால் கண்ணாடியில் விழும் அடி இரும்புச் சட்டம் வழியாக அந்தத் தகட்டுக்கு வந்து சேர வேண்டும். தொங்கும் பெட்டிக்கு அது ஒழுங்காக வந்து சேராது. அதே பெட்டி, லாரி போனால் ஆடிப்போய் பிளாஸ்டிக்கில் முட்டிக்கொள்ளும். வேண்டாததற்குக் கத்தும், வேண்டியதற்குத் தூங்கும். அதில் திருகாணியைக் குறைத்தால் தூக்கம்தான் கூடும்.

அண்ணன் அதை டேஷ்போர்டுக்கு உள்ளே குறுக்காகப் போகும் இரும்புச் சட்டத்தில், முடிந்தவரை காடியின் நடுப்பக்கமாக வைத்து, இரண்டு கேபிள் டை போட்டு இறுக்கினார். ஒரு ஓரமாக வைத்தால் எதிர்மூலையில் பூட் (பின்பெட்டி) பக்கம் அடிப்பது அதற்குச் சரியாக எட்டாது. வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டுவதும் டேப்பில் ஒட்டுவதும் ஒன்றுதான். ஸ்டியரிங்கோடு சுற்றும் எதிலும் கட்டவே கூடாது. திருகாணி மட்டும் கை எட்டும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். அப்புறம் கதவை மூடி அலாரத்தைப் போட்டுவிட்டு, நாலு மூலையிலும் கை முட்டியால் தட்டித் தட்டிச் சரிசெய்தார். அரைமணி நேரம். கடையில் இந்த அரைமணியை யாரும் செலவழிப்பதில்லை.

சரி, அதிர்வு அடங்கியது. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள், பெரும்பாலும் வெள்ளி, சனி, காடி கத்தியது. இதற்குக் காரணம் என் அம்மா. வெள்ளிக்கிழமை தவறாமல் முன்கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்கவிடுவார். என் காடியில் அல்ட்ராசோனிக் சென்சரும் உண்டு, முன்கண்ணாடியின் இரண்டு பக்கத் தூணிலும் மேலே ஒவ்வொரு மொட்டு. சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி. நம் காது 20க்கு மேல் கேட்காது என்பதால் நமக்குத் தெரிவதில்லை. உள்ளே காற்றில் ஏதாவது அசைந்தால் திரும்பி வரும் ஒலி மாறும், அலாரம் விழிக்கும். மாட்டியவர் அந்த மொட்டுகளைப் பின்கண்ணாடியைப் பார்த்து வைக்காமல், நேராகப் பூச்சரத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்திருந்தார். உள்சூடு போகட்டும் என்று நான் ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி வைப்பேன். அந்த இடுக்கில் காற்று நுழையும், சரம் ஆடும். சாமி பூவைத் திருடனாக்கிய பாவம் பாதி எனக்கு, பாதி மாட்டியவருக்கு.

மொட்டுகளைப் பின்பக்கம் திருப்பினோம், ஏர்கான் வாய்க்கு நேரே எதுவும் வராமல் பார்த்துக்கொண்டோம். சரம் இப்போது டேஷ்போர்டுப் பிள்ளையார் கழுத்துக்கு இடம் மாறிவிட்டது, ஆடாது. புதிய காடி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பல வண்டிகளில் அந்தத் தூணுக்குள் ஏர்பேக் இருக்கும். அங்கே துளை போட வருபவரின் கையைப் பிடித்துத் தடுங்கள்.

என் சித்தப்பா மகன் ஸ்போர்ட் ரிம் நாலையும் பறிகொடுத்தபோது அவன் அலாரம் மூச்சே விடவில்லை. ஜாக்கி மெதுவாகத் தூக்கும், அடி விழாது, உள்ளே யாரும் வர மாட்டார்கள். அதற்குச் சாய்வு சென்சர் வேண்டும். அதையும் அசையாத இரும்பில்தான் கட்ட வேண்டும், வேறு கதை இல்லை.

எதிர்வீட்டுக்கு வருகிறேன். அவர் மாட்டியிருப்பது ரேடார் வகை. அதன் அலை பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் ஊடுருவும், இரும்பிலோ ஆள் உடம்பிலோ பட்டால் திரும்பும். அதனால் ஹேண்ட்பிரேக் பக்கம் நடுப்பெட்டிக்கு அடியில், கண்ணில் படாமல் ஒளித்து வைக்கலாம். நல்ல பொருள்தான். ஆனால் அது ஜன்னலுக்கு வெளியேயும் பார்க்கும். அவர் காடி நிற்பது சாலையை ஒட்டி. பேக்டரி பஸ் பிடிக்கப் போகிறவர்கள் அதை உரசாத குறையாக நடந்துபோவது எத்தனை மணிக்கு? 4.50க்கு. லாரி என்று இத்தனை நாள் நானே தப்பாக நினைத்திருந்தேன்.

இன்று காலை அவரிடம் கேட்டேன், சென்சர் எங்கே இருக்கிறது என்று. "சீட்டுக்குப் பக்கத்துல, கதவோரமா, ஏன் தம்பி?" என்றார். கதவுக்கு அந்தப் பக்கம்தான் நடைபாதை. ஞாயிற்றுக்கிழமை வயர்மேன் அண்ணனைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு இடம் மாற்றித் தர அவர் வாங்கியது 30 வெள்ளி (ரிங்கிட்). எதிர்வீட்டுக்காரர் யோசித்தால் பாதியை நானே கொடுத்துவிடுவேன், தூங்கி நாளாகிறது.