வேளாண் சட்டங்களை நீக்கியது உச்ச நீதிமன்றமா?

“தெருவில் உட்கார்ந்ததால் எந்த அரசும் பணிந்ததில்லை, 3 வேளாண் சட்டங்களை ரத்து செய்தது உச்ச நீதிமன்றமே” என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

மத்திய அரசு 2020இல் கொண்டுவந்த அச்சட்டங்களை நடைமுறைப்படுத்த நீதிமன்றம் 2021 ஜனவரி 12 அன்று இடைக்காலத் தடை மட்டுமே விதித்து, ஒரு குழுவையும் அமைத்தது. அவை செல்லுமா என்று தீர்ப்பளிக்கவே இல்லை. அடுத்த வாரமே, சட்டங்களை ஒன்றரை ஆண்டு நிறுத்தி வைக்க மத்திய அரசு முன்வந்தும் விவசாயச் சங்கங்கள் அதை ஏற்கவில்லை. அச்சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பர் இறுதியில் தில்லியின் சிங்கு, திக்ரி எல்லைகளுக்கு வந்த விவசாயிகள், டிராக்டர் டிரெய்லர்களின் மேல் தார்ப்பாய் கட்டி, சாலையிலேயே பொதுச் சமையல் நடத்தி, குளிரையும் வெயிலையும் தாங்கி ஓராண்டுக்கு மேல் அங்கேயே இருந்தனர். 2021 நவம்பர் 19 அன்று சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவித்தார். 29ஆம் தேதி நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நீக்க மசோதாவை (விவாதமே இல்லாமல்தான்) நிறைவேற்றின.

பஞ்சாப், உத்தரப் பிரதேசத் தேர்தல்கள் நெருங்கியதும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் போராட்டம் முன்பே ஓய்ந்திருந்தால், அத்தேர்தல்களை எண்ணி அரசு கவலைப்பட்டிருக்குமா என்பது ஐயமே. முழு வெற்றி என்பதும் மிகைதான்: குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் என்ற கோரிக்கை, 2021 டிசம்பரில் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டபோதும் நிறைவேறியிருக்கவில்லை.