பாதையை விட்டு நான் ஏன் போகணும்?

போன பதிவுக்குக் கீழே நீங்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். மனசு ஆறவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இங்கே சிங்கப்பூரில், பூங்காக்களை இணைக்கும் பாதை விரைவுச்சாலைக்கு அடியில் இறங்கும் இடத்தில், இரவில் சைக்கிளில் வந்த என்னை நாலைந்து பையன்கள் மின்சைக்கிள்களைக் குறுக்கே நிறுத்தி மறித்தார்கள். ஒருவன் என் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் கைபேசியில் படம் எடுத்தான். எதிரே ஒரு வயதான தம்பதி நடந்து வந்ததால்தான் விட்டார்கள். இதற்கு வந்த பதில்: "அந்த நேரத்துல அந்தப் பக்கம் ஏன் போனே?"

வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்கு அதுதான் வழி. மறித்தவர்களை யாரும் கேட்கவில்லை, என்னைக் கேட்கிறீர்கள்.

இங்கே சைக்கிள் பாதைப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே வேகத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். சைக்கிள் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, நடைபாதையில் 10. வேண்டியதுதான். 2019 செப்டம்பரில் பிடோக் நார்த்தில் சைக்கிளில் போன 65 வயதுப் பெண்மணி மின்ஸ்கூட்டர் மோதி இறந்தபோது எல்லாரும் கொதித்தோம். நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தது. நானும் அதை ஆதரித்து எழுதினேன். ஆனால் எனக்கு நடந்தது விபத்து இல்லையே! வேண்டுமென்றே மறித்தார்கள். 2014இலேயே தொல்லைக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். "அதெல்லாம் எதுக்கு, பசங்கதானே" என்றால் எப்படி? மின்சைக்கிள் ஓட்ட 16 வயது ஆகியிருக்கணும், தேர்வு எழுதித் தேறியிருக்கணும். அந்த வண்டியை ஓட்டும் அளவுக்குப் பெரியவன் என்றால், செய்ததற்குப் பதில் சொல்லும் அளவுக்கும் பெரியவன்தான்.

"சைக்கிள் ஓட்டுறவங்க மட்டும் யோக்கியமா?" என்று ஒருவர். இல்லைதான். மணியடித்து முதியவர்களை விரட்டுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். 2025 ஜூலை முதல் நடப்பவர்களுக்கென்றே ஒதுக்கிய பாதையில் சைக்கிள் ஓட்டக்கூடாது என்றார்கள், நான் ஓட்டுவதில்லை. யாரோ மணியடித்ததற்கும் என் ஹேண்டில்பாரில் இருந்த கைக்கும் என்ன சம்பந்தம்?

"சிங்கப்பூர் மாதிரி பாதுகாப்பான ஊர் உண்டா?" உண்மைதான். அந்த நம்பிக்கையில்தான் இரவில் ஓட்டுகிறேன். அதையே சொல்லி என் வாயை அடைக்காதீர்கள்.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். ஈசூனிலிருந்து சைக்கிள்தான், இரவு ஷிஃப்டுக்கும். அப்போது தனிப் பாதை ஏது? லாரிகளுக்கு நடுவில்தான் போவார். அம்மாவுக்கு லாரியைப் பற்றித்தான் பயம், மனிதர்களைப் பற்றி இல்லை. எனக்கு அப்பாதான் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கார்ப்பார்க்கில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நடந்ததை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சைக்கிளை விற்றுவிடு என்பார். அவரும் என்னைத்தான் விலகச் சொல்வார், அன்பினால்.

அந்த அன்புதான் எனக்கு வலிக்கிறது. விளக்கு போடலாம், கேமரா வைக்கலாம், அதையும் கேட்கத்தான் போகிறேன். ஆனால் விலக வேண்டியது நான்தான் என்று நீங்கள் எல்லாரும் முடிவு செய்துவிட்டீர்கள்.

"எங்க வீட்டுப் பொண்ணா இருந்தா விடமாட்டேன்" என்று எழுதிய அண்ணா, உங்கள் மகளுக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் கற்றுக்கொடுத்தது நான்தான். என் பதிவைப் படித்ததிலிருந்து அவளை ஓட்ட விடுவதில்லை என்று அண்ணி சொன்னார்கள். எந்தத் தப்பும் செய்யாத அவள் வீட்டில் இருக்கிறாள். அந்தப் பையன்களில் ஒருவனுடைய அப்பாவாவது அவன் வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்திருப்பாரா?