நடந்தால் ஸ்டென்ட் நழுவுமா?

"ஸ்டென்ட் வைத்தவர்கள் மூன்று மாதம் படி ஏறக் கூடாது, நடந்தால் ஸ்டென்ட் நழுவிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஸ்டென்ட் என்பது அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய். அதை ரத்தக்குழாய்க்குள் சும்மா செருகி வைப்பதில்லை. அதனுள் இருக்கும் சிறு பலூனை அதிக அழுத்தத்தில் ஊதி, ரத்தக்குழாயின் சுவரோடு பதிய வைக்கிறார்கள். நடந்தாலும் இருமினாலும் அது நகராது. பயப்பட வேண்டியது, உள்ளே ரத்தம் உறைந்து அடைப்பதற்குத்தான். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நாமாக நிறுத்துவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை!

மாரடைப்பு வந்தால் வாரக்கணக்கில் படுக்கை என்பது ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான். அமெரிக்க மருத்துவர்கள் லெவினும் லௌனும் அப்படிப்பட்ட நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்து, அதனால் கெடுதல் இல்லை என்று 1952இல் எழுதினார்கள்.

இன்று இதய மறுவாழ்வுப் பயிற்சியே சிகிச்சையின் ஒரு பகுதி. பல இடங்களில் முதலில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு தூரம், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் குறிப்பார்கள். அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். நடந்துகொண்டே பேச முடிகிறதா, சரி. மூச்சு வாங்கிப் பேச்சு அறுபட்டால் வேகம் அதிகம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 85 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இப்பயிற்சி மறுபடி மாரடைப்பு வருவதைக் குறைக்கிறது.

மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக ஸ்டென்ட் வைத்திருந்தால் சில நாள் அந்தக் கையால் கனம் தூக்க வேண்டாம் என்பார்கள். வதந்தி அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். நடக்கும்போது நெஞ்சு வலித்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். வலி விடாவிட்டால் 108ஐ அழையுங்கள்.