ஒரு சீசனுக்கு எத்தனை ஆட்டம்?

அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப் செல்சி என்றால் பைத்தியம். ஆண்கள் அணியோடு நிற்காமல் பெண்கள் அணியையும் விடாமல் பார்க்கிறவன் என்பதால் அவன்மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம். போன ஞாயிற்றுக்கிழமை அயனாவரம் வீட்டுக்கு வந்திருந்தான். இட்லியைப் பிட்டுக்கொண்டே பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான்: "சித்தி, 2024-25 சீசன்ல லீக்ல மட்டும் 22 மேட்ச். 19 வின், 3 டிரா. ஒண்ணுகூடத் தோக்கல. லீக், எஃப்ஏ கப், லீக் கப் மூணும் அவங்களுக்குத்தான்."

சரிடா, தமிழ்நாட்டிலிருந்து போய் இந்தியாவின் பெண்கள் லீக்கை ஜெயித்த கிளப் எது, சொல் பார்ப்போம் என்றேன். முழித்தான். "அப்படி ஒண்ணு இருக்கா?"

இருக்கிறது. சேது எஃப்சி, மதுரைக் கிளப். 2019 மே 22 அன்று லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்து இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை வென்றது.

பையனைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். 12ஆம் தேதி ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் சென்னை ஒரே ஒரு ரன்னில் தோற்று ஊரே துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தது. சேது கோப்பையைத் தூக்கியதற்கு மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. காலைப் பேப்பரைப் பிரித்த யாருக்கு விளையாட்டுப் பக்கம் வரை போகப் பொறுமை இருந்திருக்கும்? பந்து ஆடியவள் என்று சொல்லிக்கொள்ளும் நானே இரண்டு நாள் கழித்து, ஒரு தோழி போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் கெட்ட நேரம் என்று இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த லீக் மே 5ஆம் தேதி தொடங்கி 22ஆம் தேதி முடிந்துவிட்டது. எல்லா ஆட்டமும் லூதியானாவில். குரூப் ஆட்டங்கள் ஐந்து, அரையிறுதி, இறுதி, ஆக ஏழு. இரண்டரை வாரத்தில் ஒரு வருஷத்து லீக் முடிந்தது. மதுரைக்காரர்கள் தங்கள் கிளப் சாம்பியன் ஆவதை ஒரு ஆட்டம்கூட நேரில் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் நாட்டின் மறுகோடிக்கு ரயில் ஏறியிருக்க வேண்டும்.

கல்யாணத்துக்குக்கூட நம் ஊரில் இதைவிட அதிக நாள் அலைகிறோம்.

என் கட்சி இதுதான்: ஒரு பெண்கள் கிளப்பின் சீசன் நன்றாக அமைந்ததா என்று கேட்டால், எத்தனை கோப்பை என்று நான் எண்ணமாட்டேன். எத்தனை ஆட்டம் ஆடினார்கள், அதில் எத்தனை சொந்த ஊரில் நடந்தது என்றுதான் எண்ணுவேன். 2019ல் சேது ஆடியது பெரிய ஆட்டம், சந்தேகமே இல்லை. அம்ருதா அரவிந்த் பயிற்சி கொடுத்த அணி. முன்னால் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி, நடுவில் கடலூர் இந்துமதி கதிரேசன். அந்த அணி எதிர் அணிகளைப் பிய்த்து எறிந்தது. ஆனால் அதை "சீசன்" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அது ஒரு டோர்னமென்ட். நாங்கள் ஆடியதும் அந்த வகைதான்.

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1990களின் நடுவில் சென்னையில் ஒரு கல்லூரியில் படித்தேன். பெண்கள் ஃபுட்பால் டீம் என்று 14 பேர் இருந்தோம், அதில் மூன்று பேர் ஹாக்கிக்கும் போவார்கள். பெரியமேட்டுக் கடைகளில் எங்கள் காலுக்குப் பூட்ஸ் கிடைக்காது. மூர் மார்க்கெட்டில் பையன்கள் பூட்ஸை ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஆடுவோம். மழையில் ஆடினால் பஞ்சு ஊறிக் கால் ஒரு கிலோ கனக்கும். வருஷத்துக்கு ஒருமுறை கல்லூரிகளுக்கிடையே போட்டி. மூன்று நாள். தோற்றால் ஒரே நாள். மூன்று வருஷத்தில் நான் ஆடிய மொத்த ஆட்டங்கள் 11. இன்றைக்கும் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. இருக்கத்தானே செய்யும், இருந்ததே 11தான்.

அந்த 11 ஆட்டத்தில் நான் என்ன கற்றுக்கொண்டேன்? இடது காலால் கிராஸ் போடக் கற்றுக்கொண்டேன். அடுத்த ஆட்டத்தில் அதைச் செய்து பார்க்கலாம் என்றால் அடுத்த ஆட்டம் பத்து மாதம் கழித்து. குட்டை டோர்னமென்டின் கோளாறு அங்கேதான் இருக்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் ஆட வேண்டும். முதல் ஆட்டத்தில் கணுக்கால் பிசகினால் அந்த வருஷமே போச்சு. கோச் யாரையும் பழக்கிப் பார்க்க முடியாது. தோற்றால் வெளியே என்கிறபோது பதினேழு வயதுப் பெண்ணைக் களத்தில் இறக்க எந்த கோச்சுக்குத் துணிச்சல் வரும்? நன்றாக ஆடுகிற பதினொரு பேரே மறுபடி மறுபடி ஆடுவார்கள். மற்றவர்கள் ஜெர்சி போட்டுக்கொண்டு போட்டோவில் நிற்பார்கள். பார்க்கிறவர்களுக்கும் அதே கதைதான். ஒரு வீராங்கனையின் பெயர் மனதில் பதிவதற்குள் போட்டி முடிந்துவிடும்.

இதனால்தான் சேதுவின் சிறந்த சீசன் எது என்று கேட்டால் 2019ஐ விட்டுவிட்டு 2021-22 என்பேன். அந்த வருஷம் அவர்கள் ஜெயிக்கவில்லை. அடிக்க வராதீர்கள், சொல்லி முடிக்கிறேன்.

2022 ஏப்ரல் 15 முதல் மே 26 வரை புவனேஸ்வரத்தில் 12 அணிகள். குரூப், நாக்-அவுட் எதுவும் கிடையாது, எல்லாரோடும் எல்லாரும் ஒரு ஆட்டம். ஆளுக்கு 11. நான் மூன்று வருஷத்தில் ஆடியதை அவர்கள் ஆறே வாரத்தில் ஆடினார்கள். சேது முதல் பத்து ஆட்டங்களையும் ஜெயித்தது. வேடிக்கை என்னவென்றால் கோகுலம் கேரளாவும் முதல் பத்தையும் ஜெயித்திருந்தது. இரண்டு அணிக்கும் 30 புள்ளி. கடைசி நாள் இரண்டும் நேருக்கு நேர். கோல் கணக்கில் முன்னால் இருந்ததால் கோகுலத்துக்கு டிரா போதும், சேது ஜெயித்தே ஆக வேண்டும். இதைவிட நல்ல திரைக்கதை எழுத முடியுமா?

போனை மசாலா டப்பாவில் சாய்த்து வைத்து அடுப்படியிலேயே அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். மூன்றாவது நிமிடத்தில் சேதுவின் ரேணு கோல் அடித்தார். நான் போட்ட கத்தலில் மாமியார் ஓடிவந்தார், கை சுட்டுக்கொண்டேன் என்று நினைத்துவிட்டாராம். அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இன்றைக்கும் வலிக்கிறது. கோகுலத்துக்குப் பெனால்டியில் ஒன்று, எல்ஷடாய் ஒன்று, மனிஷா கல்யாண் ஒன்று. இடைவேளைக்கு முன்பே மூன்று. 3-1. 33 புள்ளியில் 30 எடுத்தும் இரண்டாவது இடம்.

அந்த ஆட்டத்தின் இரண்டு கோச்சுகளும் பிறகு எங்கே போனார்கள் என்று பாருங்கள். சேதுவின் பக்கம் நின்ற கிறிஸ்பின் செத்ரி 2023-24ல் ஒடிசா எஃப்சிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2025 ஜூலையில் அவர் பயிற்சியில்தான் இந்திய அணி தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கோகுலத்தின் பக்கம் நின்ற ஆன்டனி ஆண்ட்ரூஸ் அடுத்த வருஷமும் ஜெயித்தார், அப்புறம் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்குப் போனார்.

ஈஸ்ட் பெங்காலிடம்தான் வர நினைத்தேன். அவர்களுடைய 2024-25தான் நான் "சீசன்" என்று வாய் நிறையச் சொல்கிற சீசன். லீக் அதற்கு முந்தைய வருஷமே சொந்த ஊர், வெளியூர் என்று மாறியிருந்தது. எட்டு அணிகள், ஆளுக்கு 14 ஆட்டம், ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை. அதாவது பொங்கலுக்கு முன் ஆரம்பித்துத் தமிழ்ப் புத்தாண்டைத் தாண்டிப் போனது. ஏப்ரல் 18 அன்று கொல்கத்தாவுக்குப் பக்கத்து ஊரான கல்யாணியில், நடப்புச் சாம்பியன் ஒடிசாவுக்கு எதிராக சௌம்யா குகுலோத் அடித்த ஒரே கோலில் பட்டம் உறுதியானது, அதுவும் சொந்த ரசிகர்கள் முன்னால். 1920ல் தொடங்கிய கிளப் அது. ஆண்கள் அணி தேசிய லீக்கைக் கடைசியாக வென்றது 2003-04ல். இருபத்தொரு வருஷம் காய்ந்து கிடந்த ரசிகர்களுக்குத் தண்ணீர் ஊற்றியது பெண்கள்.

அந்த அணியில் நம் கார்த்திகா அங்கமுத்துவும் சந்தியா ரங்கநாதனும் இருந்தார்கள். சந்தியா பண்ருட்டிக்காரர், கடலூர் ஹாஸ்டலில் தங்கிப் பந்து பழகியவர், சேதுவுக்கும் ஆடியவர். கொல்கத்தாவில் ரசிகர்கள் இவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சென்னைத் தெருவில் நடந்து போனால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்போம்? இந்துமதி சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் இதே சென்னையில் வண்டிகளை மறித்து நின்றவர்களில் அவரும் ஒருவர். "எங்கே போறீங்க?" என்று நம்மைக் கேட்டது இந்திய அணியின் மிட்ஃபீல்டர் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

திறமைக்குப் பஞ்சம் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். தமிழ்நாடு அணி 2018ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று சீனியர் தேசியப் பட்டத்தை எடுத்தது. 2023ல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1ல் வென்று மறுபடியும் எடுத்தது. ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆடுவதற்கு நாள்தான் இல்லை.

"நீ பாட்டுக்குச் சொல்வாய், பணம் யார் கொடுப்பது?" என்று என்னோடு கல்லூரியில் கோலியாக, அதாவது கோல்கீப்பராக நின்றவள் கேட்கிறாள். நியாயமான கேள்வி. ஒரே ஊரில் எல்லா ஆட்டத்தையும் வைத்தால் செலவு குறைவு. ஊர் ஊராகப் போனால் ரயில், விமானம், ஹோட்டல், கிரவுண்ட் வாடகை, ஆம்புலன்ஸ். டிக்கெட் வருமானம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் மூன்று வாரத்துப் போட்டிக்கு எந்தக் கம்பெனி வருஷ ஒப்பந்தம் போடும்? 2023ல் அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு ஒரு விதி அறிவித்தது: லீக்கின் முதல் எட்டு கிளப்புகள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளை ஆண்டுக்கு 3.2 லட்ச ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் செய்ய வேண்டும். மாதம் சுமார் 26,700. பெரிய தொகை இல்லைதான், ஆனால் வீட்டில் "பந்து சோறு போடுமா?" என்று கேட்கும்போது சொல்வதற்கு ஒரு பதில். அந்தப் பதில் நிலைக்க வேண்டுமென்றால் லீக் நீள வேண்டும். ஏழு ஆட்டத்துக்கு வருஷச் சம்பளம் கொடு என்று எந்த முதலாளியிடமும் கேட்க முடியாது. செல்சிக்கு 22 ஆட்டம் என்று பையன் சொன்னபோது எனக்குக் கோப்பைகள் காதில் விழவே இல்லை. அந்த 22தான் விழுந்தது.

தேசிய லீக் டெல்லிக்காரர்கள் பாடு என்று விட்டாலும், சென்னையில் நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வடசென்னையில் பந்துக்கு ஆள் தேடிப் போக வேண்டியதில்லை, வியாசர்பாடிப் பக்கம் சந்துக்குச் சந்து ஆடுகிறார்கள். கிரவுண்டில் இடம் கிடைப்பதுதான் பாடு. என் வீட்டுக்குப் பக்கத்து கிரவுண்டில் காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண் பிள்ளைகள் பழகுகிறார்கள். ஏழு மணிக்கு கிரிக்கெட் பையன்கள் ஸ்டம்பை நட்டுவிடுவார்கள். துணி மாற்ற ஒரு மறைவு கிடையாது. மார்கழி மாதம் ஆறு மணிக்குப் பந்து தெரியாத இருட்டு. அந்தப் பிள்ளைகளின் கோச்சிடம் கேட்டேன், வருஷத்துக்கு எத்தனை மேட்ச் ஆடுகிறார்கள் என்று. விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார், இரண்டாவது கைக்குப் போகவில்லை. முப்பது வருஷம் ஆகியும் என் கணக்கை ஒட்டியே நிற்கிறது. ஒரே ஒரு மாற்றம், பூட்ஸ் சரியான சைஸில் கிடைக்கிறது.

நான் கேட்பது பெரிய ஸ்டேடியம் இல்லை. எட்டு அணி, ஞாயிறு காலை ஆட்டம், ஒரே கிரவுண்ட், மூன்று நான்கு மாதம். அட்டவணையை முன்கூட்டியே போடுங்கள். நடுவருக்கு ஒழுங்காகப் பணம் கொடுங்கள். பரிசுக் கோப்பை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு அணி மோசமாகத் தோற்றால் அடுத்த ஞாயிறு வந்து திருத்திக்கொள்ள இடம் வேண்டும். எனக்குக் கிடைக்காமல் போனது அந்த அடுத்த ஞாயிறுதான்.

பையனிடம் சொல்லிவிட்டேன், செல்சி ஆட்டம் பார்க்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் நம் ஊர் ஆட்டம் ஒன்று பார்க்க வேண்டும் என்று. "எங்க நடக்குதுன்னு சொல்லுங்க சித்தி, வர்றேன்" என்கிறான். இந்த மாதம் சென்னைக்குள் எங்கேயாவது பெண்கள் ஆட்டம் நடப்பது தெரிந்தால், இடமும் நேரமும் கீழே எழுதுங்கள். எந்த வயசு, எந்த டீம் என்றாலும் சரி. நாங்கள் இரண்டு பேர் வருகிறோம், கத்துவதற்கு என் கோலியையும் இழுத்துக்கொண்டு.